மூலப்பொருள் மாற்றம் கண்டுபிடிப்பாகுமா? வானூர்திச் சரக்குறுப்புகளும் திண்டுக்கல் பூட்டும்: காப்புரிமைச் சட்ட நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

முன்பே அறியப்பட்ட ஓர் உறுப்பை வேறொரு மூலப்பொருளால் செய்தால் அது காப்புரிமைக்குரிய புதிய கண்டுபிடிப்பாகுமா என்பது காப்புரிமைச் சட்டத்தின் பழைய வினாக்களுள் ஒன்று. எடைக்குறைப்பையே குறிக்கோளாகக் கொண்ட வானூர்திச் சரக்குக் கையாள் உறுப்புகளில் இவ்வினா அடிக்கடி எழுகிறது. உலோகப் பட்டறைத் தொழிலால் பெயர்பெற்ற திண்டுக்கல்லுக்கும் இது புறம்பானதன்று. அமெரிக்க, இந்திய உச்ச நீதிமன்றங்களின் தீர்ப்புகளையும் இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1970இன் பிரிவுகளையும் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை விளக்குகிறது. மூலப்பொருளின் புதுமையைவிட அதனால் விளைந்த பயனின் எதிர்பாராத் தன்மையே தீர்ப்பை முடிவுசெய்கிறது என்பதும், எழுத்துச் சான்று இல்லாத பட்டறை அறிவு வழக்கில் வலுவிழக்கிறது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகள்.

திறவுச்சொற்கள்: காப்புரிமை, மூலப்பொருள் மாற்றம், கண்டுபிடிப்புப் படி, புவிசார் குறியீடு, வானூர்திச் சரக்குறுப்புகள், திண்டுக்கல் பூட்டு.

முன்னுரை

2019ஆம் ஆண்டில் நிகழ்ந்த இரண்டு நிகழ்வுகள் இவ்வாய்வுக்குத் தோற்றுவாயாகின்றன. அவ்வாண்டு சனவரி 20 அன்று தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஐந்து நகரங்கள் அதன் மையங்கள். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முதல் நிகழ்வு வரவிருக்கும் தொழிலைப் பற்றியது. இரண்டாவது, தேய்ந்துவரும் ஒரு தொழிலின் பெயரைக் காப்பது பற்றியது.

திண்டுக்கல் அவ்வைந்து மையங்களுள் ஒன்றன்று. ஆயினும் திருச்சிராப்பள்ளிக்கும் மதுரைக்கும் இடைப்பட்ட சமவெளியில், கோயம்புத்தூர்ச் சாலையும் வந்து சேரும் இடத்தில் இந்நகரம் அமைந்துள்ளது. பூட்டு, இரும்புப் பெட்டகம், இரும்பு அறைகலன் ஆகியவற்றைச் செய்த கைகள் இங்குள்ளன. உயர்தொழில் நிறுவனங்களின் துணை உறுப்புகளைச் செய்யும் வாய்ப்பு இத்தகைய நகரங்களின் பட்டறைகளை எட்டும்போது, வரைபடத்துடன் சேர்ந்து காப்புரிமைச் சிக்கலும் வந்துசேரும். அச்சிக்கலின் இயல்பை முன்கூட்டியே அறிவது இன்றியமையாதது. சட்டம், பொருளியல், கைவினை வரலாறு ஆகிய துறைகளில் ஆய்வு மேற்கொள்வோருக்கும் இது பயன்படும் களம்.

1. சரக்குறுப்புகளும் மூலப்பொருளும்

பெரிய வானூர்திகளில் சரக்கு பெரும்பாலும் தனித்தனி மூட்டைகளாக ஏற்றப்படுவதில்லை. கொள்கலன்களிலும் தட்டுகளிலும் அடுக்கி, வலையால் இறுக்கி, ஒரே அலகாக ஏற்றப்படுகிறது. இவ்வலகுகளைத் தொழில் வழக்கில் யூஎல்டி என்பர். சரக்கறையின் தளத்தில் உருளைகளும் பந்து பதித்த தகடுகளும் உள்ளன. அவற்றின்மேல் அலகு நகர்ந்து தன் இடத்தை அடைந்ததும், தளத்திலுள்ள கொண்டிகள் நிமிர்ந்து அதன் விளிம்பைப் பற்றிக்கொள்கின்றன. செயலளவில் இக்கொண்டியும் ஒரு பூட்டே. வீட்டுப் பூட்டு பிறர் திறவாமல் காக்கிறது. இப்பூட்டு சரக்கு அசையாமல் காக்கிறது.

இவ்வுறுப்புகள் தவறினால் நேரும் இழப்புப் பெரிது. 2013 ஏப்ரல் 29 அன்று ஆப்கானித்தானத்தின் பக்ராம் தளத்திலிருந்து எழுந்த போயிங் 747 சரக்கு வானூர்தியில், கட்டப்பட்டிருந்த கவச வண்டி பின்னோக்கி நகர்ந்ததால் வானூர்தி விழுந்து, அதிலிருந்த எழுவரும் உயிரிழந்தனர். 2010 செப்டம்பர் 3 அன்று துபாயில் யூபிஎஸ் நிறுவனத்தின் சரக்கு வானூர்தி, சரக்கறையில் மூண்ட தீயால் விழுந்து இரு விமானிகள் இறந்தனர். அச்சரக்கில் லித்தியம் மின்கலங்கள் மிகுதியாக இருந்தன. முதல் விபத்து பிணிப்பின் வலிமையையும், இரண்டாவது தீயைத் தாங்கும் சுவர்களின் தேவையையும் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தன.

எனவே சரக்குறுப்பின் மூலப்பொருள் முரண்பட்ட பல தேவைகளை ஒருங்கே நிறைவுசெய்ய வேண்டும்: எடை குறைய வேண்டும், வலிமை குறையக்கூடாது, தேய்மானத்தையும் தீயையும் தாங்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டர் எஃகின் எடை ஏறத்தாழ 7.8 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, கரியிழைக் கலப்புப்பொருள் ஏறத்தாழ 1.6. உயர் மூலக்கூற்று எடையுள்ள பாலிஎத்திலீன் இழை 1க்கும் குறைவானது, நீரில் மிதக்கும். ஒவ்வொரு பறப்பிலும் உடன் செல்லும் உறுப்பில் குறையும் ஒவ்வொரு கிலோகிராமும் எரிபொருள் சேமிப்பாகிறது. அலுமினியக் கொள்கலன் இருந்த இடத்தில் கலப்புப்பொருள் கொள்கலனும், பாலியெஸ்டர் வலை இருந்த இடத்தில் மெல்லிய வலிய இழை வலையும் வரும்போது உறுப்பின் வடிவம் பெரிதும் மாறுவதில்லை. அது செய்யப்படும் பொருளே மாறுகிறது. அதற்குத் தனியுரிமை கோரலாமா என்பதே வழக்கு.

2. இந்தியச் சட்டத்தின் அளவுகோல்

காப்புரிமை பெற மூன்று தகுதிகள் வேண்டும்: புதுமை, கண்டுபிடிப்புப் படி, தொழிலில் பயன்படும் தன்மை. இவற்றுள் மூலப்பொருள் வழக்குகள் பெரும்பாலும் இரண்டாவதைச் சுற்றியே அமைகின்றன. கண்டுபிடிப்புப் படியைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவு வரையறுக்கிறது. இருக்கும் அறிவைக் காட்டிலும் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதாரச் சிறப்போ இரண்டுமோ இருக்க வேண்டும். அத்துடன், அத்துறையில் தேர்ந்த ஒருவருக்கு அது வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். எடை குறைந்து செலவு மிச்சமாயிற்று என்பது பொருளாதாரச் சிறப்பாகலாம். ஆனால் அதுமட்டும் போதாது. ‘இலேசான பொருளால் செய்தால் எடை குறையும்’ என்பது எந்தத் தொழிலாளிக்கும் தெரிந்ததே.

மூன்றாம் பிரிவு, கண்டுபிடிப்பாகக் கொள்ளத்தகாதவற்றைப் பட்டியலிடுகிறது. அறியப்பட்ட இயந்திரத்தையோ கருவியையோ வெறுமனே பயன்படுத்துவதை 3(டி) விலக்குகிறது. பண்புகளின் கூட்டுத்தொகையை மட்டுமே தரும் கலவையை 3(இ) விலக்குகிறது; உலோகக்கலவைக்கும் கலப்புப்பொருளுக்கும் இது முக்கியம். தனித்தனியே இயங்கும் பழைய சாதனங்களை மாற்றி அடுக்குவதை 3(எஃப்) விலக்குகிறது. மரபறிவாகவே அமைந்ததை 3(பி) விலக்குகிறது. இரு பொருள்களின் கலவை, அவற்றின் தனிப்பண்புகளைக் கூட்டினால் கிடைப்பதைவிட மிகுந்த விளைவைத் தருமாயின் 3(இ) தடையாகாது. மூலப்பொருள் வழக்கில் ஆய்வகச் சோதனை முடிவுகள் வாதத்தின் முதுகெலும்பாவது இதனாலேயே.

3. கதவுக் குமிழும் பல்தட்டும்

மூலப்பொருள் மாற்றம் பற்றிய முதன்மையான வழக்கு பூட்டுத் தொழிலுக்கு மிக அருகிலிருந்தே வந்தது. ஹாட்ச்கிஸ் எதிர் கிரீன்வுட் என்னும் அவ்வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1851இல் தீர்த்தது. கதவின் கைப்பிடிக் குமிழை உலோகத்திலோ மரத்திலோ செய்வது வழக்கம். அதனைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்ததற்குக் காப்புரிமை பெறப்பட்டிருந்தது. குமிழைத் தண்டுடன் பொருத்தும் முறை முன்பே அறியப்பட்டது. புதிய குமிழ் மலிவானது, நீடித்து உழைப்பது என்பதில் ஐயமில்லை. ஆயினும் தொழிலில் பழகிய சாதாரணக் கைவினைஞருக்கு உள்ள திறமையைவிட மேம்பட்ட அறிவுத்திறம் அதில் வெளிப்படவில்லை என்று நீதிமன்றம் கருதி, காப்புரிமையை ஏற்க மறுத்தது. நல்ல பொருளைத் தேர்ந்தெடுப்பது தொழிலாளியின் கடமை. அது கண்டுபிடிப்பாளரின் சாதனையன்று என்பது இத்தீர்ப்பின் சாரம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1870களில் அதே நீதிமன்றம் ஸ்மித் எதிர் குட்இயர் டென்டல் வல்கனைட் வழக்கை விசாரித்தது. செயற்கைப் பற்களைத் தாங்கும் தட்டு முன்பு பொன் முதலிய உலோகங்களால் செய்யப்பட்டது; அதனைக் கடினமாக்கிய ரப்பரால் செய்ததே கண்டுபிடிப்பு. மேலோட்டமாகக் கண்டால் இதுவும் பொருள் மாற்றமே. ஆனால் மென்மையான ரப்பரை வாயின் அச்சுக்கு ஏற்ப வார்த்து, பற்களை அதனுள் பதித்து, பின் வெப்பத்தால் கடினமாக்கும்போது, தட்டும் பற்களும் ஒரே துண்டாகின்றன; வாய்க்கும் கச்சிதமாகப் பொருந்துகின்றன. உலோகத்தால் இது இயலாது. எனவே விளைந்தது புதிய பண்புகளையுடைய புதிய பொருள் என்று நீதிமன்றம் ஏற்றுக் காப்புரிமையை நிலைநிறுத்தியது.

இவ்விரு தீர்ப்புகளும் முரண்பட்டவை அல்ல. குமிழில், பீங்கான் தன் இயல்பான பண்பையே காட்டியது. பல்தட்டில், புதிய பொருள் செய்முறையையும் அமைப்பையும் சேர்த்து மாற்றியது. இந்த அளவுகோலைச் சரக்குறுப்புக்குப் பொருத்திப் பார்க்கலாம். அலுமினியக் கொண்டியை அதே வடிவில் டைட்டானியத்தில் செய்வது குமிழ் வகை. தீப்பற்றாத இழைத்துணியை அடுக்குகளாகப் பிணைத்துச் செய்த கொள்கலன் சுவர், உள்ளே எழும் தீயைக் காற்றுப் புகாமல் அடக்கி, அடிபட்டாலும் கிழியாமல் நின்று, எடையிலும் குறைந்ததாயின் அது பல்தட்டு வகையை நெருங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட பரந்த வெளியிலேயே உண்மையான வழக்குகள் நிகழ்கின்றன.

4. மிர்சாபூர்ப் பாத்திரப் பட்டறை

இந்தியாவில் கண்டுபிடிப்புப் படியை விளக்கிய அடிப்படைத் தீர்ப்பும் ஓர் உலோகப் பட்டறையிலிருந்து பிறந்ததே. பிஷ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் எதிர் இந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பர் 13 அன்று தீர்ப்பளித்தது. உத்தரப்பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பொருத்தி மெருகிடும்போது, பாத்திரம் பிடியிலிருந்து கழன்று பறந்து தொழிலாளியைக் காயப்படுத்தும் ஆபத்து இருந்தது. மறுமுனையிலிருந்து அழுத்திப் பிடிக்கும் அமைப்பொன்றுக்கு 1951இல் காப்புரிமை பெறப்பட்டது. அழுத்திப் பிடிக்கும் முறை கடைசல் தொழிலில் முன்பே இருந்தது என்பதால், இது பட்டறை அளவிலான மேம்பாடே என்று கூறி நீதிமன்றம் காப்புரிமையைச் செல்லாததாக்கியது. பழைய கூறுகளின் சேர்க்கை புதிய விளைவையோ, மேம்பட்ட பொருளையோ, பழையதைவிட மலிவான பொருளையோ தரலாம். ஆனால் அது வெறும் பட்டறை மேம்பாட்டைத் தாண்டியதாக இருக்க வேண்டும் என்பது அத்தீர்ப்பு வகுத்த நெறி. காப்புரிமை வழங்கப்பட்டமையே அதன் செல்லுபடிக்கு உறுதியாகாது என்பதையும் அது தெளிவுபடுத்தியது.

‘பட்டறை மேம்பாடு’ என்னும் இக்கருத்து திண்டுக்கல் போன்ற ஊர்களுக்கு இரு முனையும் கூரான வாள். பெருநிறுவனம் ஒன்று எளிய மாற்றத்துக்குத் தனியுரிமை கோரினால் அதை எதிர்க்க இது உதவும். அதே வேளை, பட்டறைத் தொழிலாளி தன் அனுபவத்தால் கண்ட நுட்பத்தையும் ‘வெறும் பட்டறை மேம்பாடு’ என்று தள்ளிவிட இது இடந்தரும். எது மேம்பாடு, எது கண்டுபிடிப்பு என்பதைச் சான்றுகளே பிரிக்கின்றன.

5. மாற்றுப்பொருளும் உரிமை மீறலும்

இதுவரை கண்டது காப்புரிமை பெறுவது பற்றி. பெற்ற உரிமையை மீறியதாக எழும் வழக்கில் வினா தலைகீழாகிறது: உரிமைக்கோரலில் ஒரு பொருள் குறிக்கப்பட்டிருக்க, போட்டியாளர் அதற்குப் பதிலாக வேறு பொருளைப் பயன்படுத்தினால் மீறலாகுமா?

1950இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்த்த கிரேவர் டேங்க் வழக்கு இதற்குச் சான்று. பற்றவைப்பில் பயன்படும் இளக்கிக்கு லிண்டே நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. அதன் பொருள்களுள் ஒன்று மக்னீசியம் சிலிக்கேட்டு. எதிர்த்தரப்பு அதற்குப் பதில் மாங்கனீசு சிலிக்கேட்டைச் சேர்த்தது. சொல்லளவில் மீறல் இல்லை. எனினும் இரு பொருள்களும் ஒரே பணியை, ஒரே வழியில் செய்து, ஒரே விளைவைத் தருகின்றன என்பதால் மீறலே என்று பெரும்பான்மைத் தீர்ப்பு கூறியது. நிகர்மைக் கோட்பாடு எனப்படும் இதன்படி, மூலப்பொருளை மாற்றிவிட்டதாலேயே ஒருவர் தப்பிவிட முடியாது.

தமிழகத்தில் பெரிதும் பேசப்பட்ட காப்புரிமை வழக்கு பஜாஜ் ஆட்டோவுக்கும் டிவிஎஸ் மோட்டாருக்கும் இடையில் நிகழ்ந்தது. சிறிய இயந்திரத்தில் இரு தீப்பொறிச் செருகிகளை அமைக்கும் பஜாஜின் காப்புரிமையை டிவிஎஸ் வண்டி மீறுகிறது என்பது வாதம். டிவிஎஸ் இயந்திரத்தில் இரண்டுக்குப் பதிலாக மூன்று வால்வுகள் இருந்தன. 2008 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி இடைக்காலத் தடை விதித்தார். 2009 மே மாதத்தில் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. 2009 செப்டம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம், அறிவுசார் சொத்துரிமை வழக்குகளை நாள்தோறும் விசாரித்து விரைவாக முடிக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. எனினும் இரு நிறுவனங்களும் 2019இல்தான் தமக்குள் உடன்பாடு கண்டன. பெருநிறுவனங்கள் பன்னிரண்டு ஆண்டுகள் தாங்கிக்கொண்ட வழக்கை ஒரு சிறு பட்டறை தாங்குமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

6. வந்துசெல்லும் வானூர்திக்கு மட்டும் விலக்கு

வானூர்தி உறுப்புகளுக்குச் சட்டம் தனிச்சலுகை ஒன்றை அளிக்கிறது. வெளிநாட்டில் பதிவான வானூர்தி தற்காலிகமாகவோ எதிர்பாராமலோ இந்தியாவுக்கு வரும்போது, அதன் கட்டமைப்பிலோ இயக்கத்திலோ துணைக்கருவிகளிலோ காப்புரிமை பெற்ற கண்டுபிடிப்பு பயன்பட்டாலும் அது மீறலாகாது என்கிறது பிரிவு 49. இந்தியாவுக்கு அதே உரிமையைத் தரும் நாடுகளுக்கே இது பொருந்தும். பாரிசு உடன்படிக்கையின் ஐந்தாம் உறுப்புத் தொடரும், 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 27ஆம் உறுப்பும் இதற்கு அடிப்படை. வானூர்தியைக் காப்புரிமை வழக்கால் முடக்கினால் பன்னாட்டுப் போக்குவரத்தே தடைப்படும் என்பது இதன் நியாயம்.

சரக்குக் கொள்கலன் ‘துணைக்கருவி’ ஆகுமா என்பது ஆய்வுக்குரிய வினா. தளத்துடன் பொருத்திய கொண்டியும் உருளையும் வானூர்தியின் பகுதிகள் என்பதில் ஐயமில்லை. கொள்கலனோ வானூர்தியிலிருந்து இறங்கி, கிடங்கில் தங்கி, வேறொரு வானூர்தியில் ஏறிச் செல்வது. பறப்பில் சரக்கைப் பிணைக்கும் பணியை அதுவே செய்வதால் துணைக்கருவி என்று வாதிடலாம்; தரையில் நீண்டநாள் தங்குவதால் ‘தற்காலிகம்’ என்னும் நிபந்தனை ஐயத்துக்குரியதாகிறது என்று மறுக்கவும் இடமுண்டு.

பட்டறைகள் இங்குக் கவனிக்க வேண்டியது வேறு. இவ்விலக்கு பயன்பாட்டுக்கே உரியது. இந்தியக் காப்புரிமையுள்ள உறுப்பை உரிமையாளரின் இசைவின்றி இங்குச் செய்து விற்பது பிரிவு 48இன்கீழ் மீறலே. அவ்வுறுப்பு வெளிநாட்டு வானூர்தியில்தான் பொருத்தப்படும் என்பது செய்தவரைக் காக்காது. துணை ஒப்பந்தத்தில் உறுப்புச் செய்வோர், மூலப்பொருள் பற்றிய உரிமை எவரிடம் உள்ளது, வழக்கு வந்தால் பொறுப்பு யாருடையது என்பவற்றை எழுத்தில் பெறுவது தேவை.

7. திண்டுக்கல்லின் நிலை

புவிசார் குறியீடு திண்டுக்கல் பூட்டுக்குப் பெருமை சேர்த்தது உண்மை. ஆயினும் அது காப்பது பெயரையே. பிற இடத்தில் செய்த பூட்டைத் ‘திண்டுக்கல் பூட்டு’ என்று விற்பதை அது தடுக்கும். திண்டுக்கல் பூட்டின் உள்ளமைப்பைப் பிறர் வேறு பெயரில் செய்வதைத் தடுக்காது. நுட்பத்தைக் காப்பது காப்புரிமை. அதற்கு விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகளே ஆயுள். வடிவழகைக் காப்பது வடிவமைப்புப் பதிவு. இம்மூன்றும் வேறுவேறு என்ற தெளிவு தொழில்முனைவோரிடையே பரவ வேண்டும்.

திண்டுக்கல் பூட்டின் மாங்காய்ப் பூட்டு முதலிய மரபு வகைகள் வெளிப்படையாக விற்பனையில் இருந்தவை. அவற்றுக்கு இனி எவரும் காப்புரிமை பெற இயலாது. பொதுவில் இருந்தது புதுமையாகாது. ஆனால் இவ்வெதிர்ப்பை நிறுவச் சான்று வேண்டும். சட்டம் வழி தந்திருக்கிறது. விண்ணப்பம் வெளியானபின், காப்புரிமை வழங்கப்படும் முன்னர், எவரும் பிரிவு 25(1)இன்கீழ் எதிர்க்கலாம். ஓர் ஊரிலோ சமூகத்திலோ வாய்மொழியாக வழங்கும் அறிவும் எதிர்ப்புக்குக் காரணமாகலாம் என்று 25(1)(கே) கூறுகிறது. வழங்கியபின் நீக்கம் கோரவும் 64(1)(க்யூ) அதே காரணத்தை ஏற்கிறது. எனினும் வாய்மொழி அறிவு இருந்தது என்பதைக் காப்புரிமை அலுவலர்முன் எப்படிக் காட்டுவது? சித்த மருத்துவம், ஆயுர்வேதம், யுனானி, யோகம் முதலியவற்றுக்கு மரபறிவு மின்னூலகம் உண்டு. உலோகக் கைவினைக்கு அத்தகைய ஏற்பாடு அதில் இல்லை. எந்தப் பூட்டின் எந்தப் பாகத்துக்குப் பித்தளை, எதற்கு இரும்பு, ஏன் என்பது முதிய கைவினைஞர் நினைவிலேயே உள்ளது. அவர்கள் மறைந்தால் சான்றும் மறையும்.

புதிய நுட்பம் காண்போருக்குச் செலவு முன்போல் பெருந்தடையன்று. தனியாள், புத்தொழில், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோர்க்கு மின்வழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். பரிசீலனைக் கோரிக்கைக்கு 4,000 ரூபாய். தென்மாநிலங்களுக்குரிய காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. கடினமானது, விவரக்குறிப்பைச் சரியாக எழுதுவதே. ஒரே ஒரு பொருளைக் குறித்துக் கோரினால் போட்டியாளர் எளிதில் விலகிச் செல்வார். எல்லாப் பொருளையும் உள்ளடக்கிக் கோரினால் பழைய அறிவில் சிக்கி உரிமை வீழும். மேலும், விண்ணப்பிக்கும் முன் பொருளைச் சந்தையில் விற்றால் பெரும்பாலும் புதுமையே போய்விடும். செய்தவுடன் விற்கும் பழக்கமுள்ள பட்டறைகள் இதில் விழிப்பாக இருக்க வேண்டும்.

வழக்கு நடைபெறும் இடமும் கருதத்தக்கது. மீறல் வழக்கை மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு காப்புரிமையை நீக்கக் கோரி எதிர்வழக்கு எழுப்பினால், பிரிவு 104இன்படி வழக்கு உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்படும். ஆகவே திண்டுக்கல்லில் தொடங்கும் வழக்கு திண்டுக்கல்லிலேயே முடியும் என்று எதிர்பார்க்க இயலாது.

முடிவுரை

மூலப்பொருளை மாற்றியது மட்டும் கண்டுபிடிப்பாகாது; அம்மாற்றத்தால் துறையறிந்தவர் எதிர்பாராத விளைவு தோன்றினால் அது கண்டுபிடிப்பாகும். கதவுக் குமிழும் பல்தட்டும் காட்டிய இவ்வேறுபாடு மிர்சாபூர்ப் பட்டறைக்கும் வானூர்திச் சரக்கறைக்கும் ஒருங்கே பொருந்துகிறது. அவ்விளைவை நிறுவுவோர் சோதனைப் பதிவு உடையவர். அதை மறுப்போர் முந்தைய அறிவின் பதிவு உடையவர். இரண்டும் இல்லாதவர் வழக்காடும் வலிமையை இழக்கிறார்.

எனவே திண்டுக்கல் உலோகத் தொழிலின் மூலப்பொருள் அறிவை முறையாகத் தொகுப்பது உடனடித் தேவை. பூட்டின் வகை, பாகம், பொருள், அப்பொருளைத் தேர்ந்த காரணம், செய்முறை ஆகியவற்றை வரைபடத்துடனும் நாளிட்டும் பதிந்து, எவரும் காணுமாறு வெளியிட வேண்டும். கமுக்கமாக வைத்திருக்கும் புதிய நுட்பத்தை மட்டும் இதில் சேர்க்காமல், முதலில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். தமிழ்த்துறை கலைச்சொற்களையும், பொறியியல் துறை சோதனைகளையும், சட்டத்துறை விவரக்குறிப்பையும் ஏற்றுச் செய்யத்தக்க கூட்டு ஆய்வு இது. கைவினைஞரின் அறிவை ஏட்டில் ஏற்றும் பணி, பழமையைப் போற்றுவதோடு நின்றுவிடாமல், வரவிருக்கும் தொழிலில் அவர்களுக்கான இடத்தையும் உறுதிசெய்யும்.